பென்டாக்ஸ் கே1000: வேலூர் வெயிலில் இரண்டு வருஷம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஃபிலிம் ரோல் போட்டு எடுக்கும் இந்த பென்டாக்ஸ் கே1000 நல்ல கேமரா. ஆனால் வேலூரில் இருந்துகொண்டு இதை வாங்குகிறவருக்கு ஒரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை, எனக்கும் சொல்லவில்லை. இந்த ஊரில் இதற்கு வரும் தொல்லை வெளிச்சம் போதாமல் வருவதில்லை, வெளிச்சம் மிஞ்சிப்போய் வருவது. இதைப் பற்றி வீடியோ போடுகிறவர்களில் பாதிப்பேர் மேகம் மூடிய ஏதோ ஒரு குளிர் தேசத்தில் நின்றுகொண்டு பேசுகிறார்கள், ‘400 ரோல் போடு, எதற்கும் தாங்கும்’ என்கிறார்கள். 400 என்பது ரோலின் ஐஎஸ்ஓ எண், எண் கூடக்கூட ரோலுக்குக் கொஞ்ச வெளிச்சமே போதும். நானும் போட்டேன். சித்திரை மாதம், பகல் பதினொன்றரை மணி, கோட்டை அகழி ஓரம், பின்னணியைக் கொஞ்சம் மங்கலாக்கலாம் என்று ஆசைப்பட்டு எஃப் 4 (எஃப் எண் லென்ஸ் துளையின் அளவு, எண் சின்னதானால் துளை பெரிது) வைத்தால், வெளிச்சம் அளக்கும் மீட்டர் முள் மேலே போய் ஒட்டிக்கொண்டது. ஷட்டர் வேகத்தை 1/1000 விநாடி வரை திருகிப் பார்த்தேன், இறங்கவே இல்லை. அதற்கு மேல் இந்தக் கேமராவில் எண் கிடையாது.

சரி, கேமராவைப் பற்றிச் சொல்லிவிட்டு அங்கே வருகிறேன்.

கே1000 என்பது 1976-இல் வந்து 1997 வரை விற்ற மாடல். இருபது வருஷத்துக்கு மேல் ஏறக்குறைய ஒரே வடிவம். முதலில் ஜப்பானிலும் பிறகு ஹாங்காங்கிலும் கடைசியில் சீனாவிலும் செய்தார்கள், சீனாவில் செய்தவற்றில் பிளாஸ்டிக் கூடிவிட்டது. என்னுடையது பழையது, முழுக்க உலோகம், கழுத்தில் மாட்டிக்கொண்டு லாங்கு பஜாரை ஒரு சுற்று சுற்றினால் சாயங்காலம் பிடரி பேசும். சென்னையில் ஒருவரிடம் 50 எம்எம் எஃப் 2 லென்ஸோடு 11,000 ரூபாய்க்கு வாங்கினேன். அப்போது கொஞ்சம் அதிகம் கொடுத்ததாகத்தான் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். போட்டோ படிக்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் வாங்கச் சொல்வார்கள் என்கிற பெயருக்குத் தனியாக ஒரு விலை இருக்கிறது.

இதில் என்னென்ன இல்லை என்று சொன்னால் சீக்கிரம் முடிந்துவிடும். ஆட்டோ ஃபோகஸ் இல்லை, ஆட்டோ எதுவுமே இல்லை, செல்ஃப் டைமர் இல்லை, எடுப்பதற்கு முன்னால் லென்ஸ் துளையை (அப்பெர்ச்சர்) மூடிப் பார்க்கும் வசதி இல்லை, மீட்டரை அணைக்க ஒரு பொத்தான் கூட இல்லை. லென்ஸ் மூடியைப் போட்டால்தான் மீட்டர் தூங்கும், மறந்தால் பேட்டரி தீரும். நான் மறந்தேன். ஆனால் பாருங்கள், அந்தப் பேட்டரி முள்ளுக்கு மட்டும்தான். பேட்டரியே இல்லாவிட்டாலும் 1 விநாடியிலிருந்து 1/1000 வரை எல்லா வேகமும் ஓடும், ஏனென்றால் உள்ளே இருப்பதெல்லாம் சுருள்வில்லும் பல்சக்கரமும்தான். பேட்டரியும் பெரிய விஷயம் இல்லை, வாட்ச் கடையில் கிடைக்கும் எல்ஆர்44 பொட்டு ஒன்று.

இப்போது வெயில் கணக்கு. பழைய போட்டோக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி: நேர் வெயிலில் எஃப் 16 வைத்தால், ரோலின் ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்து எண்ணே ஷட்டர் வேகம். 400 ரோல் என்றால் எஃப் 16, 1/500. ஒரு படி (அதாவது வெளிச்சம் இரண்டு மடங்கு) திறந்தால் எஃப் 11, 1/1000. அவ்வளவுதான், கடை மூடியாச்சு. எஃப் 8 வேண்டும், 5.6 வேண்டும் என்றால் இந்தக் கேமராவில் இடமில்லை. 100 ரோல் என்றால் எஃப் 5.6 வரைக்கும் வரலாம். ஆக, நம் ஊர்ப் பகலுக்கு 100 அல்லது 200 ரோல்தான் சரி. 400-ஐ சாயங்காலத்துக்கும் லாங்கு பஜார் சந்துகளுக்கும் கடைகளின் உட்புறத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பாலாற்று மணலில் நின்று எடுப்பதானால் இன்னும் ஒரு படி குறைக்க வேண்டியிருக்கும், மணல் கண்ணாடி மாதிரி திருப்பி அடிக்கும்.

இதற்கு எனக்குக் கிடைத்த வழி ஆரஞ்சு ஃபில்டர். கறுப்பு வெள்ளை ரோலுக்கு மட்டும்தான். 49 எம்எம் திருகு, லென்ஸ் முன்னால் மாட்டினால் சுமார் இரண்டு படி வெளிச்சத்தைத் தின்றுவிடும், 400 ரோல் 100 ரோல் மாதிரி நடந்துகொள்ளும். மீட்டர் லென்ஸ் வழியாகவே பார்ப்பதால் பெரும்பாலும் கணக்கை அதுவே போட்டுக்கொள்கிறது. கூடவே ஒரு லாபம், நீல வானம் கறுத்து இறங்கும், மேகம் இருந்தால் பிதுங்கிக்கொண்டு வெளியே வரும். கோட்டை மதில்மேல் நின்று கிழக்கே இருக்கும் மலைக்கோட்டைகளைச் சாயங்காலம் நாலரை ஐந்துக்கு இப்படி எடுத்த நெகட்டிவ்தான் இந்த இரண்டு வருஷத்தில் நான் எடுத்ததில் உருப்படியானது. அந்த நேரம் வெயில் நமக்குப் பின்னாலிருந்து மலைமேல் நேராக விழுகிறது, ஒவ்வொரு பாறையும் தனித்தனியாக எண்ணிக்கொள்ளும்படி தெரியும். காலையில் அதே இடத்தில் நின்றால் மலை வெறும் நிழலுருவம்தான், வேலைக்கு ஆகாது.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று. சாமி இல்லாத கோயில் என்பது 1981-இல் கோட்டைக்குள் இருக்கும் கோயிலில் ஜலகண்டேஸ்வரர் லிங்கத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்ததோடு பொய்யாகிவிட்டது. தண்ணி இல்லாத ஆறும் 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்து ஒரு தடவை பொய்யாகி எல்லோரையும் மிரட்டியது, அன்றைக்குப் பார்த்து என்னிடம் ஃபோன் மட்டும்தான் இருந்தது. ஆனால் மரம் இல்லாத மலை இருக்கிறதே, கறுப்பு வெள்ளைக்கு அதைவிட என்ன வேண்டும்? பச்சை மலை என்றால் கறுப்பு வெள்ளையில் எல்லாம் ஒரே சாம்பல் பூச்சு. ஏலகிரியில் ஒரு ரோல் முழுக்க அப்படித்தான் போனது. மொட்டைப் பாறையில் வெளிச்சமும் நிழலும் அவரவர் இடத்தில் நிற்கும்.

கேமராவின் குறைக்கு வருகிறேன். வாங்கி மூன்றாவது ரோலில், 1/1000-இல் எடுத்த படங்களில் எல்லாம் ஒரு ஓரம் இருண்டிருந்தது. முதலில் என் விரலோ, தோள்பட்டை வாரோ என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது. இதில் ஷட்டர் என்பது பக்கவாட்டில் ஓடும் இரண்டு துணித் திரை. முதல் திரை திறந்துகொண்டே போக, இரண்டாவது பின்னாலேயே மூடிக்கொண்டு வரும், நடுவில் இருக்கும் சந்து வழியாகத்தான் ஃபிலிமில் வெளிச்சம் விழும். 1/1000-இல் அந்தச் சந்து மிகவும் குறுகல். வருஷக்கணக்கில் எண்ணெய் காய்ந்து முதல் திரை கொஞ்சம் சுணங்கினாலும் பின்னால் வருவது எட்டிப் பிடித்துவிடும், அந்த ஓரம் இருட்டு. எந்தப் பழைய துணி ஷட்டர் கேமராவுக்கும் வரும் வியாதிதான் இது. குளிர் ஊர்க்காரனுக்கு 1/1000 எப்போதாவது தேவைப்படும் எண், அவனுக்கு இது தெரியவே தெரியாது. நமக்கு அன்றாடம் வேண்டியதே அந்த எண். சென்னையில் ஒரு மெக்கானிக் பிரித்துத் துடைத்து எண்ணெய் போட்டுச் சரிசெய்து கொடுத்தார், 2,500 ரூபாய். “வாரத்துக்கு ஒரு தடவை ரோல் இல்லன்னாலும் சும்மா ஓட விடுங்க தம்பி, படுக்க வெச்சா மறுபடி படுத்துக்கும்” என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பி குடித்துக்கொண்டே எல்லா வேகத்திலும் பத்துப் பத்து தடவை அடித்துவிடுகிறேன்.

இன்னொன்று பின்கதவு ஓரத்தில் வெளிச்சம் புகாமல் இருக்க வைக்கும் ஸ்பாஞ்சு. எனக்கு வந்தபோது அது ஸ்பாஞ்சாக இல்லை, தாராகியிருந்தது. நம் சூட்டில் உருகி ஒட்டி, விரலில் பட்டால் சோப்புக்குப் போகாது. முதல் ரோலில் ஆரஞ்சு நிறக் கோடுகள் விழுந்தன, ‘சினிமா மாதிரி இருக்குண்ணா’ என்று தங்கச்சி பாராட்டினாள். பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு, லாங்கு பஜாரில் தையல் சாமான் கடையில் வாங்கிய கறுப்பு வெல்வெட் துணியை மெல்லிய பட்டையாக வெட்டி ஒட்டினேன். மொத்தச் செலவு முப்பது ரூபாய். இன்றைக்கு வரை ஒரு கோடு இல்லை.

மீட்டர் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். அது படச் சட்டத்துக்குள் தெரிவதை எல்லாம் கூட்டிச் சராசரி போடும் ரகம், எது முக்கியம் என்கிற யோசனை அதற்குக் கிடையாது. மலையும் வானமும் பாதிப் பாதி என்றால் வானத்தைப் பார்த்து ஏமாந்து, மலையைக் கரியாக்கிவிடும். கேமராவைக் கீழே சாய்த்து, தரையையும் பாறையையும் மட்டும் பார்க்கவைத்து முள்ளை நடுவில் நிறுத்தி, அப்புறம் நிமிர்த்தி எடுக்க வேண்டும். இரண்டு ரோல் வீணான பிறகு கை தானாகச் செய்யும். நெகட்டிவ் ஃபிலிமுக்கு வெளிச்சம் ஒரு படி கூடினால் பரவாயில்லை, குறைந்தால்தான் மன்னிப்பு கிடையாது. ஃபோனில் எடுத்துப் பழகியவர்களுக்கு இது தலைகீழ்.

கோட்டைக்குள் கல்யாண மண்டபத் தூண்கள் மாதிரி பாதி வெயில் பாதி இருட்டு இடங்களில் நான் நிழலுக்குத்தான் கணக்குப் போடுகிறேன், வெயில் பட்ட இடம் வெளுத்தால் வெளுக்கட்டும். இங்கே ட்ரைபாட் எடுத்துப் போகாதீர்கள், தொல்லியல் துறை இடம், அனுமதி இல்லாமல் வைக்க விடமாட்டார்கள். கையில் பிடித்து 1/30 வரை ஓட்டலாம். ராஜகோபுரம் 50 எம்எம் லென்ஸில் அருகிலிருந்து அடங்காது, அண்ணாந்து எடுத்தால் பின்பக்கம் சாய்ந்து விழுகிற மாதிரி வரும். நகர்ந்து நகர்ந்து மதில் ஓரத்துக்கே வந்துவிட வேண்டியதுதான்.

தெருவில் எடுப்பதற்கு இந்தக் கேமரா சுகம், ஒரு தந்திரம் தெரிந்தால். எஃப் 16 வைத்து, லென்ஸில் தூரத்தை 5 மீட்டர் சொச்சத்தில் நிறுத்திவிட்டால் இரண்டரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாக விழும். ஃபோகஸ் வளையத்தைத் தொடவே வேண்டாம், தூக்கு, அடி, இறக்கு. வெயில் மிஞ்சுகிற ஊர் என்று இவ்வளவு நேரம் புலம்பினேனே, இந்த ஒரு இடத்தில் அதே வெயில்தான் சோறு போடுகிறது. மேகமூட்ட ஊரில் எஃப் 16 வைத்தால் ஷட்டர் மெதுவாகிப் படம் ஆடிவிடும். மார்க்கெட்டில் முள்ளுக் கத்தரிக்காய் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா, சிஎம்சி மருத்துவமனை வாசலில் கையில் எக்ஸ்ரே கவரோடு பஸ்ஸுக்கு நிற்கும் வங்காளக் குடும்பம், மக்கான் சந்திப்பில் 1806 சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணைச் சுற்றிக்கொண்டு போகும் ஷேர் ஆட்டோ எல்லாம் இப்படி எடுத்ததுதான். ஷட்டர் சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம், ‘டப்’ என்று கதவு சாத்துகிற மாதிரி. எடுத்தது தெரிந்துவிடும். தெரிந்தபிறகு சிரித்துவிட்டு அனுமதி கேட்டுக்கொள்வேன், பெரும்பாலும் இன்னொன்று எடு என்றுதான் சொல்வார்கள். மருத்துவமனை வாசலில் மட்டும் முன்னாடியே கேட்டுவிடுவேன்.

காகிதப்பட்டறை பக்கம் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் பெரியவர் ஒருவர் கேமராவைப் பார்த்துவிட்டுக் கடைக்குள் கூப்பிட்டார். “இன்னாபா, இன்னும் ரோல் போட்டுனுகீறியா?” என்று கேட்டு வாங்கி, பார்க்காமலேயே பின்கதவைத் திறக்கப் போனார், பழக்க தோஷம். உள்ளே ரோல் இருந்தது, நான் கையைப் பிடித்துவிட்டேன். அப்புறம் ஒரு மணி நேரம் பேசினோம். ஊட்டியில் அரசாங்கத்தின் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் கம்பெனி இருந்ததும், அவர்கள் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ரோல் போட்டதும் எனக்குப் பேராகத்தான் தெரியும், அவர் அதைப் பெட்டி பெட்டியாகக் கழுவியவர். அவரிடம்தான் ஒன்று கற்றுக்கொண்டேன். ரோல் மாட்டியதும் ரீவைண்ட் குமிழைத் திருப்பித் தொய்வை இறுக்கிவிடு, பிறகு ஒவ்வொரு தடவை லீவரை இழுக்கும்போதும் அந்தக் குமிழ் தானாகச் சுற்றுகிறதா பார், சுற்றவில்லை என்றால் ஃபிலிம் நகரவில்லை. வள்ளிமலைக்கு விடியற்காலையில் போய் ஏறி இறங்கி 36 படம் எடுத்து, கடைசியில் ஃபிலிம் பல்லில் மாட்டவே இல்லை என்று கண்டுபிடித்த மறுவாரம் அவரைச் சந்தித்தேன். பத்து நாள் முன்னாடி சந்தித்திருக்கலாம்.

செலவைச் சொல்லாமல் விடக்கூடாது. கலர் ரோல் எனக்கு ஆயிரத்தை ஒட்டி வருகிறது, வேலூரில் நான் கேட்ட கடை எதிலும் கலர் கழுவித் தருவதாகச் சொல்லவில்லை, ஆகவே சென்னைக்குக் கூரியர். கழுவி ஸ்கேன் செய்ய, கூரியர் எல்லாம் சேர்த்தால் ஒரு கிளிக் நாற்பது ரூபாய்க்கு மேல். அது ஒரு தட்டு இட்லி. நான் அனுப்பிய லேப் ஒன்று ஒரு முறை நெகட்டிவை நாலாவது படத்தின் நடுவில் வெட்டி அனுப்பியது, கேட்டால் மெஷின் வெட்டியது என்றார்கள். இன்னொரு முறை தப்பு என்னுடையது, மே மாதம் எடுத்த ரோலை ஸ்கூட்டர் டிக்கியில் மூன்று நாள் விட்டுவிட்டேன், நிறமெல்லாம் வெளிறிப் பழுப்பு ஏறி வந்தது. ரோலை ஃபிரிஜ்ஜில் வையுங்கள், அம்மா திட்டினாலும் பரவாயில்லை, எடுத்ததும் உடனே வெளியில் பிரிக்காமல் ஒரு மணி நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் வியர்த்துவிடும்.

அதனால் இப்போது பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான், கழுவுவதும் வீட்டிலேயே. பாதி விலைக்கு முடிகிறது. ஆனால் இங்கேயும் அதே வெயில். டி-76 என்ற கழுவும் மருந்தில் எச்பி5 பிளஸ் என்ற கறுப்பு வெள்ளை ரோலுக்கு 20 டிகிரியில் ஏழரை நிமிஷம் என்று எழுதியிருக்கிறது. 20 டிகிரி! வேலூரில் அந்தச் சூட்டை மார்கழி விடியற்காலையில்தான் பார்க்கலாம். கலர் கழுவும் சி-41 முறைக்கு 37.8 டிகிரி வேண்டும், மே மாதம் பகல் இரண்டு மணிக்கு எங்கள் மாடித் தொட்டியில் அது அடுப்பில்லாமலே கிடைக்கும், ஆனால் கறுப்பு வெள்ளைக்கு அது விஷம். அன்னக்கூடையில் ஐஸ் உடைத்துப் போட்டு, மருந்து பாட்டில்களை அதில் நிற்கவைத்து, தெர்மாமீட்டரும் கையுமாக உட்கார வேண்டும். 24 டிகிரிக்குக் கொண்டுவந்தால் போதும், நேரத்தை ஐந்து நிமிஷத்துச் சொச்சமாகக் குறைத்துக்கொள்ளலாம், அதற்கும் மேலே விட்டால் நேரம் ரொம்பக் குறுகி ரோல் திட்டுத் திட்டாக வரும். மருந்தை மட்டும் குளிரவைத்துவிட்டுக் கழுவுகிற தண்ணீரைக் குழாயிலிருந்து சுடச்சுட விடாதீர்கள், அதுவும் அதே சூட்டில் இருக்கவேண்டும். என் முதல் ரோல் வறண்ட ஏரி மாதிரி பிளவு பிளவாக வந்தது. கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர், எங்கள் போர்வெல் தண்ணீரில் அலசினால் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி நிற்கிறது. “அண்ணா, பாத்ரூம் எப்பத்தான் காலியாகும்?” என்று கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள், அதையும் நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்போ இதை வாங்கலாமா? லென்ஸுக்காகவென்றால் தாராளமாக, அந்த 50 எம்எம் எஃப் 8-இல் கொடுக்கும் கூர்மைக்கு நான் எதுவும் குறை சொல்லமாட்டேன். கற்றுக்கொள்வதற்கு என்றாலும் வாங்கலாம். ஆனால் முதல் ஃபிலிம் கேமரா, பட்ஜெட் இதேதான், வேலை முழுக்கப் பகல் வெயிலில் என்றால், நிக்கான் எஃப்எம்10 ஒன்றையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். 1990-களில் வந்தது, கொசினா என்ற இன்னொரு கம்பெனி செய்து கொடுத்தது, கையில் எடுத்தால் பொம்மை மாதிரி லேசு, எனக்கு அழகாகவும் படவில்லை. ஆனால் ஷட்டர் 1/2000 வரை போகும், உலோகத் தகடு, துணி இல்லை. நம் ஊருக்கு அந்த ஒரு படி பெரிய விஷயம். காசு இருக்கிறவர்கள் எஃப்எம்2 பார்க்கலாம், 1/4000, விலை கேட்டபிறகு நான் பார்க்கவில்லை.

கே1000தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் மூன்று விஷயம் பாருங்கள். பின்கதவைத் திறந்து ஸ்பாஞ்சைத் தொட்டுப் பாருங்கள், ஒட்டினால் முந்நூறு ரூபாய் குறைத்துக் கேளுங்கள், வெல்வெட் செலவு முப்பதுதான் என்று சொல்லவேண்டாம். மீட்டர் முள் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் துள்ளுகிறதா பாருங்கள். முக்கியமாக, விற்கிறவரிடம் 1/1000-இல் வெறும் வானத்தை எடுத்த ஒரு நெகட்டிவைக் காட்டச் சொல்லுங்கள், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே அடர்த்தியாக இருக்கவேண்டும். அப்படி ஒன்று இல்லை என்றால், ரிப்பேருக்கு ஒரு 2,500-ஐ விலையில் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.